தலைகீழாகத் தொங்கிய அட்டை

கூட்டம் போட்டுப் பேசியும் எங்கள் உப்பளத் தொழிலாளர் சங்கத்தால் விடை காண முடியாத சங்கதி இது. நீங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். விடை கதைக்குள்ளேயே இருக்கிறது.

தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலோரத்தில் ஓர் உப்பளம். வெயிலில் வெள்ளை உப்பைப் பார்த்துப் பார்த்தே அங்கே கண் கெடும். கறுப்புக் கண்ணாடி கேட்டு நாங்கள் பல வருடம் போராடினோம். முதலாளி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து பேச்சுவார்த்தை நடத்தினார். போராட்டத்தின் பலனாக ஒரு பானை மோர் கிடைத்தது.

அப்படிப்பட்ட இடத்துக்கு ஒரு நாள் காலை, யாரும் கோஷம் போடாமலே, தர்ம ஆஸ்பத்திரி வேன் ஒன்று வந்து நின்றது. இலவசக் கண் முகாம். சோதிக்க வந்தவள் ஜெனிட்டா என்ற இளம்பெண். கண்ணில் புரை இருந்தால் அந்த வேனிலேயே கூட்டிப்போய், அறுவை செய்து, திரும்பவும் கொண்டுவந்து விடுவார்கள்.

முதலாளி சும்மா இருப்பாரா? கணக்கப்பிள்ளை தெய்வநாயகத்தை நாற்காலியோடு அனுப்பிவைத்தார். பார்வை தேறாதவர் யாராக இருந்தாலும் அடுத்த பருவத்தில் அளத்தில் வேலை இல்லை. பக்கத்திலிருந்து பார்த்து வா என்று உத்தரவு. கணக்கப்பிள்ளை அதை எல்லார் முன்னாலும் உரக்கச் சொன்னார்.

எழுத்துத் தெரியாதவர்களுக்கான அட்டையை ஜெனிட்டா உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கியின் சுவரில் மாட்டினாள். மூன்று கால் உள்ள ஒரே குறிதான் அதில் உண்டு. மேலே பெரிதாகத் தொடங்கி, திசை மாறி மாறித் திரும்பி, வரிவரியாகச் சிறுத்துக்கொண்டே இறங்கும். அவள் குச்சியால் தொடும் குறியின் கால்கள் எந்தப் பக்கம் நீட்டியிருக்கின்றனவோ, அந்தப் பக்கம் கையைக் காட்ட வேண்டும். கணக்கப்பிள்ளை அட்டையை ஒட்டி நாற்காலியைப் போட்டுக்கொண்டார். பெண்கள் கையைக் காட்டக் காட்ட, திரும்பி அட்டையைப் பார்த்து, சரிதான் என்று தலையாட்டினார்.

முதலில் சோதனை முடிந்து வந்தவள் வரிசையை மனப்பாடமாகக் கொண்டுவந்தாள். மேலே, வலது, கீழே, கீழே, இடது என்று அது நீண்டது. உப்புக் குவியலின் நிழலில் மற்றவர்கள் அதைக் கும்மியாக அடித்துப் பழகிக்கொண்டார்கள். முகாம் வந்த சந்தோஷத்தில் சனம் ஆடுகிறது என்று கணக்கப்பிள்ளை மகிழ்ந்துபோனார். அதன்பிறகு உப்பளத்தில் எல்லாருக்கும் பருந்துக் கண்.

வெயிலுகந்தாளின் முறை வந்தது. தலையில் உப்புப் பெட்டியோடு, முன்னால் போகிறவளின் காலடிச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே வரப்பில் நடப்பவள் அவள். ஜெனிட்டா டார்ச் அடித்தாள். இரண்டு கண்மணியும் வெள்ளையாக மின்னின. ஆனால் கை ஒரு குறிகூடத் தவறவில்லை. ஜெனிட்டா சத்தமில்லாமல் அட்டையைக் கழற்றித் தலைகீழாக மாட்டினாள். பெரிய குறி இப்போது அடியில். மறுபடியும் காட்டச் சொன்னாள். வெயிலுகந்தாள் அதே கும்மியை அடித்தாள். கணக்கப்பிள்ளை திரும்பி அட்டையைப் பார்த்தார்; தலையாட்டினார்.

அடுத்தவள் சந்தனமாரி. அவளுக்கு உண்மையிலேயே பருந்துக் கண். அட்டை தலைகீழாகத் தொங்குவது தெரிந்தது. தான் சரியாகக் காட்டினால் வெயிலுகந்தாளின் குட்டு உடைந்துவிடும் என்பதும் தெரிந்தது. அவளும் பழைய கும்மியையே அடித்தாள். ஒற்றுமை என்ற சொல்லை நான் எத்தனையோ நோட்டீஸில் அச்சடித்திருக்கிறேன். நேரில் பார்த்தது அன்றைக்குத்தான்.

டார்ச் அடித்ததிலேயே பயந்து ஓரமாக நின்றிருந்த வெயிலுகந்தாள் ஜெனிட்டாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தாயி, என்னைப் பாஸுன்னு சொல்லிரு. கண்ணு இல்லாம இத்தன நாளு நடந்துட்டேன். கூலி இல்லாம நடக்க முடியாது."

"பொய் சொல்ல மாட்டேம்மா," என்றாள் ஜெனிட்டா. "உங்களைக் கூட்டிட்டுப் போகாமலும் இருக்க மாட்டேன்."

"அங்க என்ன குசுகுசுப்பு?" என்றார் கணக்கப்பிள்ளை. "பாஸா, பெயிலா?"

பெயில் என்றால் வேலை போகும். பாஸ் என்றால் கண் போகும். ஜெனிட்டா ஒரு பொய்யும் சொல்லவில்லை. வெயிலுகந்தாளுக்குக் கண்ணும் கிடைத்தது, வேலையும் நிலைத்தது. அந்தப் பெண் என்ன செய்திருப்பாள்?

விடை: "நீங்களும் ஒருதடவை உட்காருங்க அண்ணாச்சி" என்றாள், அவ்வளவுதான். பக்கத்திலேயே இருந்துகொண்டு அட்டை தலைகீழானதைக் காணாதவர் அவர் ஒருவரே. மறுத்தால் மானம் போகுமே என்று உட்கார்ந்தார். காலையிலிருந்து மங்கலாகத் தெரிந்த கையசைவுகளை நினைவில் வைத்து, பெண்களைவிட வேகமாகக் கும்மி அடித்தார். கூட்டம் சிரித்தது. "எதுக்குளா சிரிக்கிய?" என்று கேட்டவள் வெயிலுகந்தாள் மட்டும்தான். ஜெனிட்டா அவர் கண்ணிலும் டார்ச் அடித்துப் பார்த்தாள். "ரெண்டு பேருக்கும் ஒரே விடை, ஒரே புரை" என்றாள். பாவம், அவரும் வேலைக்குப் பயந்துதான் மறைத்திருக்கிறார். அந்த உத்தரவைச் சொன்ன வாயாலேயே, அப்படி ஒரு உத்தரவே இல்லை என்று அறிவித்தார். இருவரும் ஒரே வேனில் போனார்கள். அறுவை முடிந்து, ஆளுக்கு ஒரு கண்ணில் கட்டும் மறு கண்ணில் புரையுமாக வார்டுக்குத் திரும்பியபோது, கணக்கப்பிள்ளை வெயிலுகந்தாளின் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தார். கண் தெரியாமல் நடந்து பழக்கப்பட்டவள் அவள்தானே.