கடுகு வெடிக்கிற வரைக்கும்

ஒரு ஊர்ல ஒரு கீரைப் பாத்தி இருந்துச்சாம். அந்தப் பாத்திக்கு ஒரு ராணி. ம் சொல்லு யாழி. சொல்லலேன்னா தாத்தா கதை பிரேக் போட்டு நின்னுடும்.

"ம்."

மெதுவா சொல்லு. எதுத்தாப்ல உன் பெரியம்மா தூங்குறா. அந்த ராணி வேற யாரும் இல்ல, அவதான். பவளம். முப்பத்தஞ்சு வயசு ராணி. புத்தி மட்டும் நிதானமா வளர்ற புத்தி. நாலு எண்ணுவா, அஞ்சுல தடுமாறுவா. ஆனா அவ தங்கச்சி பேரைக் கேட்டா போதும், மூஞ்சி பளிச்சுனு ஆயிடும். தங்கச்சி யாரு?

"எங்கம்மா. கோமதி."

ஆங். பெங்களூருக்குக் குடிபோறப்போ உங்கம்மா அக்கா கன்னத்தைப் பிடிச்சு, "அடுத்த தடவை வர்றப்போ நீதான்க்கா எனக்குச் சமைச்சுப் போடணும்"னு சொன்னா. சும்மா விளையாட்டுக்குத்தான். ஆனா பவளத்துக்கு விளையாட்டுன்னு ஒண்ணு கிடையாதுல்ல? அந்த வார்த்தையை அன்னைக்குப் பிடிச்சுக்கிட்டா. நானே வெதைக்கணும், நானே ஆக்கணும், கோமதி சாப்பிடணும். அது ஒண்ணுதான் அவளுக்கு.

அப்புறம் கொல்லையில சிறுகீரை வெதை போட்டா. பொடி வெதை, அதனால மணலோட கலந்து சர்ர்ருனு தூவினா. கீரை கையளவு வந்துச்சு, பொங்கலுக்கு உங்கம்மாவும் வந்தா. பவளம் கீரையைப் பறிச்சா, அலசினா, அருவாமனையில உக்கார்ந்தா. அப்போ உங்க அம்மாச்சி, "ஐயோ, கையை வெட்டிக்குவா!"ன்னு வெடுக்குனு கீரையைப் பிடுங்கி, கடகடன்னு தானே ஆக்கி முடிச்சுட்டா. உங்கம்மா சாப்பிட்டுட்டு, "அம்மா கைப்பக்குவமே தனி"ன்னா. பவளம் வாசல்ல போய் உக்கார்ந்துக்கிட்டா. "நான் வெதச்சது, நான் வெதச்சது"ன்னு அதையே சொல்லிக்கிட்டு இருந்தா. எனக்குக் கோபம் உங்க அம்மாச்சி மேல. என் யோக்கியதை என்னன்னு அடுத்து வருது பாரு.

"ம்."

அப்போ யாரோ சொன்னாங்க, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால பவளம் மாதிரி வளர்ந்த பிள்ளைங்களுக்குன்னு ஒரு தோட்டம் இருக்கு, சனிக்கிழமைல குடும்பத்தோட போய்ப் பாத்தி கட்டலாம், சமைக்கலாம்னு. போனோம். அங்க ஜெசிந்தா டீச்சர். மீசை இல்லாத போலீஸ்காரர்! முதல் நாளே சொல்லிட்டாங்க: "கரண்டி உங்க பிள்ளை கையில. உங்க கை உங்க மடியில." உங்க அம்மாச்சி நாலு சனிக்கிழமை தன் கை மேலயே உக்கார்ந்திருந்தா, தெரியுமா? கை மரத்துப் போச்சு, ஆனா பழகிட்டா.

டீச்சர்தான் கண்டுபிடிச்சாங்க, பவளத்துக்கு மணி பார்க்க வராது, ஆனா காது பலே காதுன்னு. தண்ணி தளதளன்னா கீரையைப் போடு. மத்து சளக் சளக்னு போனா மசிஞ்சிருச்சு. எண்ணெயில கடுகு பட், பட், படபடபடன்னு வெடிச்சு அடங்குனா உளுந்தப் போட்டு இறக்கு. அவ்வளவுதான் பாடம். அவ காதாலயே சமைச்சா.

அப்புறம் ரெண்டாவது தடவை. சித்திரைத் திருவிழாவுக்கு உங்கம்மா வந்தா. அவ குளிச்சுட்டு வர்றதுக்குள்ள ஆக்கிடணும்னு பவளம் அடுப்புகிட்ட நிக்கிறா. அம்மாச்சி கை மடியில. ஆனா என் வாயி? முப்பது வருஷம் கண்டக்டரா இருந்த வாயி. "எண்ணெய் காஞ்சிருச்சு, போடு போடு, ரைட்! ஏய் தள்ளி நில்லு, ஹோல்டான்! பார்த்துப் பார்த்து!"ன்னு நான் கத்துற கத்துல அவளுக்குக் கடுகு வெடிக்கிறது கேக்கல. காதைப் பொத்திக்கிட்டா பாவம். கடுகு கரிஞ்சு போச்சு. நான் என்ன செஞ்சேன்? உங்கம்மா பார்க்கறதுக்குள்ள சட்டியோட கொண்டுபோய்க் கொட்டிட்டு ஹோட்டல்ல சாம்பார் வாங்கிட்டு வந்தேன். பவளம் மூணு நாள் என் பக்கமே திரும்பல. அதை நினைச்சா இப்பவும் எனக்கு வெக்கமா இருக்கு.

"ம்."

அப்புறம் நானும் சனிக்கிழமைல வாயை மூடப் பழகினேன். டீச்சர் என் வாயில ஒரு கல்கண்டைப் போட்டு, "இது கரையற வரைக்கும் பேச்சு இல்ல"ம்பாங்க.

மூணாவது தடவை. தீபாவளி. அம்மாச்சி கை மடியில. என் வாயில கல்கண்டு. தளதள. சளக் சளக். படபடபட, சொய்ங்ங்! அடடா, என்ன வாசம்! பவளம் எங்களைத் திரும்பிப் பார்த்துச் சிரிச்சா. அவ அப்படிச் சிரிச்சு நாங்க பார்த்ததே இல்ல. தட்டு வச்சா. சோறு வச்சா. அப்போ போன் அடிச்சுச்சு. உங்கம்மா. லீவு கொடுக்கலப்பா, வர முடியலன்னு அழுதா.

பவளத்துகிட்ட சொன்னோம். அவ சட்டியை மூடி வச்சா. "கோமதிக்கு"ன்னா. எங்களுக்கு ஒரு கரண்டி தரல. மறுநாள் சாயங்காலம் வரைக்கும் மூடியே இருந்துச்சு. "கெட்டுப்போச்சும்மா"ன்னு அம்மாச்சி எடுத்தப்போ, பவளம் விறுவிறுன்னு கொல்லைக்குப் போய், மிச்சமிருந்த ஒரு கீரைத்தண்டு முன்னால உக்கார்ந்துட்டா. அதைத் தொட விடல. அது இடுப்பளவு வளர்ந்து, கதிர் விட்டு, கறுகறுன்னு வெதை பிடிச்சுச்சு. அதை உதிர்த்து, முந்தானையில முடிஞ்சு வச்சுக்கிட்டா.

"ம்."

அந்த வெதைதான் இப்போ கொல்லையில நிக்கிற கீரை. உன்னை இங்க விட்டுட்டுப் போனப்போ உங்கம்மா, "லீவு முடிய நானே வந்து கூட்டிட்டுப் போறேன்"னு சொன்னாள்ல, அன்னைக்குத் தூவினது. நாளைக்குக் காலைல அவ வர்ற ரயில். டிக்கெட் எடுத்துட்டேன்னு சொல்லியிருக்கா. போன தடவையும் அதைத்தான் சொன்னா. நீ அம்மா வேணும்னு அழுதேல்ல, அதான் இந்தக் கதையைச் சொன்னேன். இந்த வீட்டுல அவளுக்காக ஏங்குறது நீ மட்டும் இல்லடா.

"ம்."

யாழி? ஏய் யாழி... அட, வாயைத் திறந்துக்கிட்டு எப்பவோ தூங்கிட்டியா? அப்போ இவ்வளவு நேரம் ம் கொட்டுனது யாரு?

பவளம். நீ தூங்கலையா தாயி?

"அப்பா. கோமதி வருவாளா?"

தெரியலம்மா. வருவான்னு பொய் சொல்ல மாட்டேன். எனக்கும் அவளைப் பார்க்கணும்போல இருக்கு.

"நான் கீரை வைப்பேன்."

வை. வந்தா அவ சாப்பிடட்டும். வரலேன்னா, சட்டியை மூடாத ராசாத்தி. அவ பிள்ளை இங்க இருக்கால்ல, அவளுக்கு ஊட்டு. அதுவும் கோமதிதான்.

"நீ பேசக்கூடாது."

பேசல. கல்கண்டு எடுத்து வச்சிருக்கேன். கடுகு வெடிச்சு அடங்குற வரைக்கும் மூச்சு விட மாட்டேன். கதை இவ்வளவுதான், மிச்சம் காலைல சட்டியில இருக்கு. கண்ணை மூடு தாயி.

"ம்."