உறை மோர்

மடத்து நிலங்களில் இளம் விவசாயிகளைக் குடியேற்றும் பொறுப்பு தவசியுடையது. அவர் மடத்தின் தலைவியான குருவைவிட வயதில் மூத்தவர். ஆனாலும் குருவை அம்மா என்றுதான் அழைப்பார்.

அன்று அவர் கலங்கிப்போய் வந்தார்.

"நாம குடியேத்துன கோகுலும் நிவேதாவும் ஊரைவிட்டே கிளம்புறாங்கம்மா. நாத்து முத்திப்போச்சு. நடவுக்கு ஒரு ஆள் வரலை. நான் என்ன குறை வச்சேன்?"

"என்னென்ன குடுத்தீங்க?"

"மோட்டார், மம்பட்டி, ஏணி, விதை. தயிருக்கு உறை மோர்கூட மடத்துலருந்துதான் போகுது. யார் வாசல்லயும் போய் நிக்க வேண்டியதில்ல." சொல்லும்போதே அவர் குரலில் கொஞ்சம் பெருமை தட்டியது.

குரு எழுந்தார். "வாங்க, போவோம்."

அவர்கள் கோகுலின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. நிவேதா பாலைக் காய்ச்சி ஆறவைத்திருந்தாள். பக்கத்தில் கிண்ணத்தில் உறை மோர் இருந்தது. குரு அதை எடுத்து ஒரே மடக்கில் குடித்துவிட்டார்.

நிவேதா பதறிப்போனாள். "அம்மா, உறைக்கு வச்சிருந்தது அது. பால் கெட்டுப்போயிருமே!"

"அடுத்த வீட்டுல கேளு."

"வந்ததுலருந்து அவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல. எப்படிம்மா போய்க் கேக்குறது?"

"கிண்ணத்தோட போ. விளக்கு வச்சுட்டா மோர் தர மாட்டாங்க."

நிவேதா தயங்கித் தயங்கிப் போனாள். அடுத்த வீட்டு ஒச்சம்மாளின் குரல் வேலிக்கு இந்தப் பக்கம் கேட்டது.

"ஏத்தா, இம்புட்டு நாளா உறைக்கு என்ன செஞ்ச? எங்க வீட்டு மோரு உங்களுக்கு ஆகாதோன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தோம்."

தவசி தலைகுனிந்தார்.

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லக்கா" என்றாள் நிவேதா. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"சரி சரி, கண்ணைத் தொடச்சுக்க. உங்க நாத்து முத்துறதைப் பாக்கப் பாக்க எனக்கே வயிறு எரியுது. விடியட்டும், வாரோம். அந்த ஏணி சும்மாதான கெடக்கு? முருங்கைக்கா பறிச்சுட்டுத் தாரேன்."

விடிந்ததும் வயலில் பெண்கள் இறங்கினார்கள். நடுவில் நிவேதாவும் குனிந்து நட்டுக்கொண்டிருந்தாள். கோகுல் நாற்றுக்கட்டுகளைச் சுமந்தான்.

வரப்பில் நின்ற தவசி குருவின் பக்கம் திரும்பினார். மெல்லக் கேட்டார்.

"அடுத்த மாசம் இன்னொரு ஜோடி வருதும்மா. அவங்களுக்கு என்ன குடுக்கட்டும்?"

குரு சொன்னார்: "எல்லாம் குடுங்க. உறை மோர் மட்டும் குடுக்காதீங்க."