மடியில் இருந்த மாங்காய்

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டில் ஒரு ராஜா இருந்தான். நல்லவன். பயமே அதுதான்.

பெயர் சமநெறியான். கூலிக்காரன் மகன். பண்ணையார்களை விரட்டினான், நிலத்தைப் பங்கு போட்டுக் கொடுத்தான், ஊரில் பசி என்பதே இல்லாமல் செய்தான். இதை யாரும் மறுக்க முடியாது; நானும் மறுக்கவில்லை. ஆனால் சோறு போட்ட கை அதோடு நிற்கவில்லை. எல்லோருக்கும் ஒரே கூடம், ஒரே கஞ்சி, ஒரே சாம்பல் நிறத் துணி என்றான். உடம்புக்கு ஆகாததை ஒருவரும் தின்னக் கூடாது என்றான். எது ஆகாது என்று நலக் காவலர்கள் சொல்வார்கள். விடிந்ததும் வீடு வீடாக வந்து வாயைத் திறக்கச் சொல்லி மோந்து பார்ப்பார்கள். வெற்றிலை வாடையோ வெல்ல வாடையோ அடித்தால் நாற்பது நாள் திருத்த வீடு. அங்கே கல் சுமக்க வேண்டும். போனவர்கள் திரும்பி வந்தார்கள். வந்தபின் எதைக் கேட்டாலும் "சரிங்க" என்று மட்டும் சொன்னார்கள்.

மகாராஜா என்று கூப்பிட்டால் அவனுக்குப் பிடிக்காது. "நாம் எல்லோரும் சமம். தோழர் என்றே அழையுங்கள்" என்பான். வாய் தவறி மகாராஜா என்றவனுக்குப் பத்துக் கசையடி.

ஒரு நாள் பூவாத்தாள் என்ற நான்கு மாதக் கர்ப்பிணியைச் சபைக்கு இழுத்து வந்தார்கள். அவள் மடியில் ஒரு பச்சை மாங்காயும், இலையில் மடித்த உப்பும் மிளகாய்ப்பொடியும் இருந்தனவாம். நலக் காவலர் தலைவர் மருதையப்பன் அவற்றை ஒரு தட்டில் வைத்துக் காட்டினார்.

"மசக்கைங்க. கஞ்சி உள்ள நிக்க மாட்டேங்குது. நாக்கு இதைத்தான் கேக்குதுங்க" என்று அவள் அழுதாள்.

சபை தலையைத் தொங்கப் போட்டது. இதற்கு முன் வயிற்றுப் பிள்ளையோடு திருத்த வீட்டுக்குப் போன இரண்டு பெண்களும் வெறும் வயிற்றோடுதான் திரும்பினார்கள். அது எல்லோருக்கும் தெரியும். பேசத்தான் ஆளில்லை.

எழுந்தவள் விகடம் சொல்லும் அங்காயி. பயம் வந்தால்தான் அவளுக்கு வாய் நீளும்.

"தோழர், புளிச்சது மாங்காய்தானே? அதையும் திருத்த வீட்டுக்கு அனுப்புவோமா?"

ஒருவரும் சிரிக்கவில்லை. ராஜா சிரித்தால்தான் சிரிப்பார்கள்.

"அங்காயி, 'என் இஷ்டம்' என்று சொல்லிச் சொல்லித்தான் பண்ணையார்கள் இந்த ஊரையே மேய்ந்தார்கள். மறந்துவிட்டாயா?" என்றான் ராஜா.

"மறக்கலைங்க. பண்ணையார் இஷ்டம் ஊரைத் தின்னுச்சு. இவ இஷ்டம் ஒரு மாங்காயைத் தின்னப் பாத்துச்சு."

மருதையப்பன் முன்னால் வந்து நின்றார். வாய்ச்சவடாலுக்காகவே ராஜா அவளைப் பக்கத்தில் வைத்திருக்கிறான் என்ற வயிற்றெரிச்சல் அவருக்கு எப்போதும் உண்டு.

"தோழர், சட்டம் தெளிவாக இருக்கிறது. எல்லோரும் விரும்புவது தேவை. ஒருத்தி மட்டும் விரும்புவது குற்றம். இந்தச் சபையில் ஒருவர் விடாமல் இதை விரும்புகிறார்கள் என்று அங்காயி நிரூபிக்கட்டும். முடியாவிட்டால் அவளும் கூடவே கல் சுமக்கட்டும். ஆமாம் என்று வாய் திறப்பவர் யாரென்று நானும் பார்த்துக்கொள்கிறேன்."

ராஜா தலையசைத்தான். அத்தனை வாயும் இறுக மூடிக்கொண்டது.

அங்காயி தட்டைப் பார்த்தாள். பிறகு, "ஒரு அரிவாள்மனை கொடுங்க" என்றாள்.

சபை நடுவில் உட்கார்ந்து மாங்காயை அரிந்தாள். 'சரக்' என்று முதல் கீற்று விழுந்தது. மாங்காய்ப் பாலின் வாடை எழுந்தது. உப்பைத் தூவினாள். மிளகாய்ப்பொடியைத் தூவினாள். விரலால் பிசறினாள். அவசரமே இல்லை. ஒரு கீற்றை எடுத்து நுனியைக் கடித்து, கண்ணைச் சுருக்கி, "ஸ்ஸ்ஸ்" என்றாள்.

வாயெல்லாம் எச்சில் ஊறியது. விழுங்கினால் மாட்டிக்கொள்வோம் என்று கன்னத்திலேயே அடக்கினார்கள். கிழட்டுப் புலவர் ஒருவருக்குக் கண்ணில் நீர் கட்டியது. எவ்வளவு நேரம்தான் அடக்குவது? எங்கோ ஒரு 'மடக்'. அப்புறம் இன்னொன்று. அப்புறம் சபை முழுக்க மடக் மடக். மருதையப்பனுக்கு மட்டும் கடைவாயில் ஒழுகி, சாம்பல் துணியில் சொட்டியது.

"யாரும் வாய் திறக்கலைங்க, தலைவரே. தொண்டைதான் சொல்லுச்சு." அங்காயி மெல்ல ராஜாவின் பக்கம் திரும்பினாள். அவளுக்கு உயிரே போய்விடும் போலிருந்தது. "இப்ப உங்க தொண்டையும் ஏறி இறங்குச்சு, தோழர்."

ராஜா அவளையே பார்த்தான். காவலன் ஒருவன் கை கசையைத் தேடியது.

பிறகு ராஜா சிரித்தான். வயிறு குலுங்கச் சிரித்தான். அவன் முகத்தைப் பார்த்து உறுதி செய்துகொண்டு சபையும் சிரித்தது.

பூவாத்தாளை விடுவித்தான். அங்காயிக்குப் பொற்காப்பு போட்டான். எல்லோரும் சமமான நாட்டில் பொற்காப்பு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. பிறகு எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு அறிவித்தான்:

"மக்களின் விருப்பம் புரிந்துவிட்டது! நாளை முதல் ஒவ்வொருவரும் காலையில் ஒரு பச்சை மாங்காய் தின்றாக வேண்டும். தின்னாதவருக்குத் திருத்த வீடு!"

சபை கைதட்டியது. மருதையப்பன்தான் பலமாகத் தட்டினார்.

வாசலில் பூவாத்தாள் கையில் மிச்சக் கீற்றுகளோடு நின்றாள்.

"அக்கா, இப்ப இதைப் பாத்தாலே கொமட்டுதுக்கா. வேண்டா..."

அங்காயி சட்டென்று அவள் வாயைப் பொத்தினாள். உள்ளே ராஜா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான்.