யானை நடையை அளந்த கண்

முன்னொரு காலத்தில், அரசருக்குக் கோபம் வந்தால் மறுநாளே அது சட்டமாகிவிடும் ஒரு நாடு இருந்தது. மழை விட்டிருந்த ஒரு மாலையில் அந்த நாட்டு அரசர் புதுப் பட்டு அங்கவஸ்திரம் போட்டுக்கொண்டு ராஜவீதியில் உலாவப் போனார். அந்த வழியாக வந்த ஒரு வண்டி, குழியில் கிடந்த சேற்றை வாரிப் பட்டின் மேல் இறைத்துவிட்டுப் போனது.

வண்டி வேகமாகப் போனதா, குழி ஆழமாக இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. குழியை மூட ஆள் வேண்டும், மண் வேண்டும். சட்டம் போட வாய் போதும். மறுநாள் காலையில் முரசு அறைந்தார்கள். ராஜவீதியில் பட்டத்து யானையின் நடையை மிஞ்சி எந்த வண்டியும் போகக் கூடாது. மீறினால் முதல் தடவை ஒரு சக்கரம் பறிமுதல். இரண்டாம் தடவை மற்றச் சக்கரமும் மாடுகளும் பறிமுதல்.

அரசவையின் விகடகவி பிச்சாண்டி ஒரே ஒரு சந்தேகம் கேட்டான். யானை குளிக்கப் போகும்போது ஒரு நடை நடக்கிறது, கரும்பைக் கண்டால் வேறு நடை நடக்கிறது, இதில் எந்த நடை என்று கேட்டான். அரசர் தாடியைத் தடவினார். அப்போது வீதிக் காவல் தலைவர் ஏகாம்பர ராயர் எழுந்து நின்றார்.

"அரசே, அந்தக் கவலை தங்களுக்கு வேண்டாம். அடியேனுடைய கண் ஒரு தராசு. ஒரு வண்டியைப் பார்த்த மாத்திரத்தில் அதன் வேகத்தை நிறுத்துச் சொல்லிவிடும்."

அரசருக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. அளவுகோல் வேண்டாம், ஆள் வேண்டாம், ராயர் இருந்தால் போதும். அன்றே அவருக்கு 'நேத்திரத் துலாம்' என்ற பட்டமும் ஒரு பொற்சங்கிலியும் கிடைத்தன.

ராஜவீதியின் முனையில் ராயருக்கு ஒரு பரண் கட்டிக் கொடுத்தார்கள். அவர் திண்டில் சாய்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருப்பார். வண்டி வரும். பார்ப்பார். விரலைத் தூக்கினால் சேவகர்கள் ஓடிப் போய்க் கடையாணியைப் பிடுங்கிச் சக்கரத்தைக் கழற்றுவார்கள். வண்டிக்காரன் காரணம் கேட்டால் ராயர் ஒரே சொல்லில் தீர்ப்புச் சொல்வார்: "பார்த்தேன்." கழற்றிய சக்கரங்களைக் கோட்டைச் சுவரில் வரிசையாக மாட்டினார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் கோட்டைக்கே அம்மை போட்டது போலிருக்கும்.

அந்தக் கண்ணுக்கு ஒரு தனிக்குணம் இருந்தது. பட்டுத்திரை போட்ட வண்டி எதுவும் அதற்கு வேகமாகத் தெரிந்ததில்லை. விறகு வண்டியும் வைக்கோல் வண்டியும் மெதுவாகத் தெரிந்ததில்லை. ஒரு நாள் ராயருடைய மாமனாரின் குதிரை வண்டி ஒரு கோழியின் மேல் ஏறி அதைக் கொன்றது. ராயர் பரணிலிருந்து இறங்கி வந்து பார்த்துவிட்டு, கோழிதான் வேகமாகப் போயிருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

இப்படியிருக்கும்போது, கோட்டைக்கு வெளியே சூளை வைத்திருந்த செம்பாயி என்பவளின் பானை வண்டி இரண்டாம் தடவையாக மாட்டியது.

பானை வண்டி எப்படிப் போகும் என்று தெரிந்தால்தான் இந்தக் கூத்து புரியும். வண்டியில் முதலில் வைக்கோல் மெத்தை போடுவார்கள். பெரிய பானைகளுக்குள் சின்னச் சட்டிகளை அடக்கி, வாய் கீழாகக் கவிழ்த்து, இடுக்கெல்லாம் வைக்கோல் திணிப்பார்கள். அத்தனை செய்தும் ஒரு பானை இன்னொன்றைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கும். சக்கரம் ஒரு கல்லில் ஏறி இறங்கினால், ஓட்டை விழுவது ஒரு பானையில் இல்லை, வரிசையாக விழும். அதனால் பானை வண்டிக்காரர்கள் வண்டியில் உட்காருவதே இல்லை. மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கல்லுக்குக் கல் ஒதுக்கி, பிள்ளைத்தாய்ச்சியைக் கூட்டிப் போவது போலக் கூட்டிப் போவார்கள்.

செம்பாயி அரசவைக்கு வந்து விழுந்தாள். மாடுகளை மறுநாள் அரண்மனைத் தொழுவத்துக்கு ஓட்டிப் போக ஆணை ஆகியிருந்தது. அவை போனால் சூளைக்கு மண் வராது, சந்தைக்குப் பானை போகாது.

"பானை ஏத்துன வண்டிய எவளாச்சும் ஓட்டுவாளாங்க சாமி? ஓட்டிருந்தா ஓடுல்ல மிஞ்சியிருக்கும்? எண்ணிப் பாருங்க, ஒரு சட்டி கூட உடையல."

அரசர் ராயரைப் பார்த்தார். ராயர் கொஞ்சமும் அசையவில்லை.

"அதுவேதான் அவள் குற்றத்துக்குச் சாட்சி, அரசே. அவள் போன வேகத்தில் பானைகளுக்கு உடையக்கூட நேரம் கிடைக்கவில்லை."

அவையிலிருந்த பெரிய மனிதர்கள் தலையாட்டினார்கள். அரசரும் ஆட்டினார். பட்டம் கொடுத்தவர் அவர்தானே. ராயரின் கண் தப்பு என்றால், அந்தக் கண்ணைக் கண்டெடுத்த கண்ணும் தப்பாகிவிடும்.

பிச்சாண்டி எழுந்தான். தங்கத் தராசையே தட்டான் வருஷத்துக்கு ஒரு தடவை எடைக்கல் வைத்துச் சரிபார்க்கிறான், ராயருடைய கண்ணையும் ஒரு தடவை சரிபார்த்தால் என்ன என்று பணிவாகக் கேட்டான்.

ராயருக்கு வெகு நாளாகவே பிச்சாண்டியைக் கண்டால் ஆகாது. அவனை மாட்டிவிட இதைவிட நல்ல சமயம் வாய்க்காது என்று நினைத்தார். தாராளமாகச் சரிபார்க்கட்டும் என்றார். அதே வீதி, அதே பரண், அதே கண். தன் கண் ஒரு தடவை பிசகியதாக அவன் காட்டினால் பட்டத்தையும் சங்கிலியையும் கழற்றிவிடுவதாகச் சொன்னார். காட்டாவிட்டால் மாடுகள் தொழுவத்துக்கு, மாடுகள் இருந்த இடத்தில் பிச்சாண்டி. ஆயுள் முழுக்கச் செம்பாயியின் வண்டியை அவன் இழுக்க வேண்டும். அரசருக்கு இந்தப் பந்தயம் இனித்தது, சம்மதித்தார். பிச்சாண்டி ஒரு நாளைக்குச் செம்பாயியின் சக்கரங்களையும் அரண்மனைத் திரைவண்டி ஒன்றையும் இரவல் கேட்டு வாங்கிக்கொண்டான்.

வெளியே வந்ததும் செம்பாயி அவனை மறித்தாள்.

"ஐயா, நீங்க தோத்தா என் மாடு என்னாகும்?"

"அரண்மனைப் புல் தின்னும் தாயே. நான்தான் உன் வீட்டுத் தவிடு தின்ன வேண்டும்."

"புல்லு தின்னாலும் அது என்னையத் தேடுமே."

பிச்சாண்டி மூங்கில் வெட்டப் போய்விட்டான்.

மறுநாள் காலை ராயர் பரணில் அமர்ந்தார். பக்கத்தில் அரசருக்கு ஆசனம். வீதி காய்ந்து புழுதியாகக் கிடந்தது. முதலில் செம்பாயியின் வண்டி வந்தது. குட்டை மாடுகள், கழுத்து நிறையச் சலங்கை, கிறுகிறுவென்று சுற்றும் சின்னச் சக்கரங்கள். பின்னால் ஒரு முள்கிளையை இழுத்து வந்ததால் புழுதி மேகம் எழும்பிக்கொண்டிருந்தது. ராயர் விரலைத் தூக்கினார்.

"பார்த்தேன். யானை நடைக்கு இரு மடங்கு."

அந்தப் புழுதிக்கு மேலே, உயர்ந்த வெள்ளைக் காளைகளின் திமிலும், வளைந்த கூண்டும், சிவப்புப் பட்டுத்திரையும் மிதந்து வந்தன. சலங்கை இல்லை, சத்தம் இல்லை. ராயர் எழுந்து கைகூப்பினார்.

"இதுவல்லவா நடை, அரசே. யானையே இதனிடம் நிதானம் படிக்க வேண்டும். உள்ளே இருப்பது யாரோ, நல்ல குடும்பம்."

முன்வண்டி இரு மடங்கு வேகம், பின்வண்டி யானையைவிட நிதானம், இதுதானே தீர்ப்பு என்று பிச்சாண்டி கேட்டான். சத்தியமாக என்றார் ராயர். அரசர் காதுபட இன்னொரு தடவையும் சொல்லவைத்தான். பிறகு வண்டிகளை நிறுத்தச் சொன்னான். புழுதி மெல்ல அடங்கியது.

முன்வண்டியின் அச்சிலிருந்து பின்வண்டியின் நுகத்தடி வரை முற்றிய மூங்கில் ஒன்று இறுக்கிக் கட்டியிருந்தது.

"அரசே, இந்த மூங்கிலின் முன்முனை வேகமாக ஓடியிருக்கிறது, பின்முனை மெதுவாக நடந்திருக்கிறது. வீதியின் அந்த முனையிலிருந்து இங்கே வருவதற்குள் இது பாதி வீதிக்கு நீண்டிருக்க வேண்டும். ராயரே தம் கண்ணால் அளந்து சொல்லட்டும்."

அரசர் மூங்கிலைப் பார்த்தார். ராயரைப் பார்த்தார். மறுபடி மூங்கிலைப் பார்த்தார்.

பிச்சாண்டி பட்டுத்திரையை விலக்கினான். உள்ளே வைக்கோல் மெத்தையில், வாய் கவிழ்ந்து, செம்பாயியின் பானைகள் வரிசையாக இருந்தன.

"ராயர் சொன்ன நல்ல குடும்பம் இதுதான்" என்றான்.

கண் ஏமாந்ததில் மாயம் ஒன்றுமில்லை. சின்னச் சக்கரம், பெரிய சக்கரம் கடக்கும் அதே தூரத்தைக் கடக்கப் பல சுற்றுச் சுற்றியாக வேண்டும். குட்டை மாடு, நெட்டை மாட்டோடு சேர்ந்து நடக்க அதிக எட்டு வைத்தாக வேண்டும். எட்டுக்கு எட்டு சலங்கை குலுங்கும். கண் சுற்றுகளைப் பார்க்கிறது, காது சலங்கையைக் கேட்கிறது, இரண்டும் கூடிப் பேசி 'வேகம்' என்று முடிவு கட்டிவிடுகின்றன. கடந்த தூரத்தை யாரும் கேட்பதில்லை. பெரிய வண்டி சத்தமில்லாமல் வந்தால் அதுவே நிதானமாகிவிடுகிறது. இதெல்லாம் எல்லார் கண்ணுக்கும் உள்ள பலவீனம்தான். பட்டுத்திரையைக் கண்டதும் கைகூப்புவது மட்டும் ராயர் கண்ணுக்கே உரியது.

"மூங்கில் வழியில் நீண்டு, நின்றதும் சுருங்கியிருக்கலாம், அரசே" என்றார் ராயர்.

அதைக் கேட்டதும் அரசருக்குச் சிரிப்பு வெடித்தது. திண்டில் சாய்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பட்டம் கொடுத்த வெட்கமும் அந்தச் சிரிப்போடு கரைந்து போயிற்று. ராயர் சங்கிலியைக் கழற்றிக் கீழே வைத்தார். செம்பாயியின் மாடுகளும் சக்கரங்களும் அவளுக்கே என்று ஆணை ஆயிற்று.

பின்னே யானை நடையை எப்படித்தான் அளப்பது என்று அரசர் கேட்டார்.

"சட்டத்தில் யானை இருக்கிறது, அரசே. யானையை மட்டும் இதுவரை யாரும் கூப்பிடவில்லை."

பிச்சாண்டி செம்பாயியிடம் ஒரு பானை கேட்டு வாங்கி, அடியில் சின்னத் துளை போட்டான். வீதியில் இரண்டு இடத்தில் கல் நடச் சொன்னான். முதல் கல்லை யானை தாண்டும்போது நீர் நிறைந்த பானையின் துளையைத் திறக்க வேண்டும். இரண்டாம் கல்லைத் தாண்டும்போது நீர் எங்கே நிற்கிறதோ அங்கே ஒரு கோடு. இனிமேல் எந்த வண்டியாவது, நீர் அந்தக் கோட்டுக்கு இறங்குவதற்குள் இரண்டாம் கல்லைத் தொட்டால் அது வேகம். தொடாவிட்டால் வேகமில்லை.

"பானைக்கு வெற்றிலை வேண்டாம், பட்டம் வேண்டாம். முக்கியமாக, பானைக்கு மாமனார் கிடையாது."

அந்தப் பானைக்குத் தண்ணீர் நிரப்பும் உத்தியோகத்தை அரசர் ராயருக்கே கொடுத்தார். கோட்டைச் சுவரிலிருந்த சக்கரங்களையும் உரியவர்களிடம் அவரே கண்ணால் அடையாளம் கண்டு திருப்ப வேண்டும் என்றார். ராயர் ஒரு விறகு வண்டிக்கு இடப்பக்கம் பெரிய சக்கரமும் வலப்பக்கம் சின்னச் சக்கரமும் மாட்டிவிட்டார். அது வீட்டுக்குப் போகாமல் அரண்மனையையே வலம் வந்தது.

கோடு கிழிப்பதற்காகப் பட்டத்து யானையை வீதிக்கு அழைத்து வந்தார்கள். செம்பாயி பானைகளைத் தன் வண்டிக்கு மாற்றிக்கொண்டு, மாட்டின் கயிற்றைப் பிடித்து, கல்லுக்குக் கல் ஒதுக்கி, முன்னால் போய்க்கொண்டிருந்தாள். யானை எப்போதும்போல் நடந்தது. குளிக்கப் போகும் நடை. பாதி வீதியில் அது அவள் வண்டியை எட்டியது, ஒதுங்கியது, தும்பிக்கையால் கொஞ்சம் வைக்கோலை உருவிக்கொண்டது, தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது.

செம்பாயி திரும்பிப் பரணைப் பார்த்தாள்.

"பாத்தீங்களா ராயரே?"

ராயர் பரணடியில் குனிந்து, அடுத்த தடவைக்குத் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தார். அரசர் மறுபடியும் சிரித்தார். சேறு பட்ட அந்தப் பழைய பட்டு அங்கவஸ்திரத்தை எடுத்துவரச் சொல்லி, அதில் பொற்சங்கிலியை முடிந்து பிச்சாண்டிக்குக் கொடுத்தார். வீதியில் இருந்த அந்தக் குழியை அன்று சாயங்காலமே மூடினார்கள்.