ஓடர் ஆற்றில் இரண்டு குதிரைகள்

மன்னன் லோதார் ஜெர்மன் மண்ணில் பிறந்து அங்கே ஆண்டவன். போலந்துப் பிரபுக்கள் தங்கள் கிரீடத்தையும் அவன் தலையிலேயே வைத்தார்கள். குதிரை லாடத்தை வெறுங்கையால் வளைப்பான். பனிக்காலம் வந்தால் சிங்கமுகம் வைத்த தங்கச் சறுக்குவண்டியில் ஊர்வலம் போவான்.

அன்று அந்த வண்டியின் மீது யாரோ அழுகிய பீட்ரூட்டை எறிந்துவிட்டார்கள். அவனுடைய வெள்ளை அங்கியெல்லாம் சிவப்பு. எறிந்த ஆள் கூட்டத்தில் மறைந்துவிட்டான்.

மன்னன் நேரே மடத்துக்கு வந்தான். துறவி போகுமில்தான் அவனுக்குக் குரு.

"குருவே, ஒரே கேள்வி. என்னை அதிகம் வெறுப்பவர்கள் யார்? ஜெர்மானியரா, போலந்துக்காரரா? எந்தக் கரைக்குப் படை அனுப்புவது என்று எனக்குத் தெரிய வேண்டும்."

துறவி எழுந்தார். தம்முடைய பழைய அங்கியை எடுத்து அவன் மேல் போட்டு, முக்காட்டை முகம் மறைய இழுத்துவிட்டார்.

"வாருங்கள். நீங்கள் யாரென்று காட்டிக்கொள்ள வேண்டாம்."

இரு நாடுகளையும் பிரிக்கும் ஓடர் ஆற்றுக்குப் போனார்கள். முந்தின நாள் உறைந்து கிடந்த அந்த ஆற்றின் மேல்தான் மன்னனின் சறுக்குவண்டிப் பந்தயம் நடந்தது. அதற்காக இரு கரைகளிலும் உழவுக் குதிரைகளை வீரர்கள் பிடித்துக்கொண்டு வந்திருந்தார்கள். நடு ஆற்றில் பனி உடைந்தது. வண்டிகளில் இருந்த பிரபுக்களைக் காப்பாற்றினார்கள். குதிரைகளை விட்டுவிட்டார்கள்.

கரையோரம் இரண்டு பெண்கள் ஒரு கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வால்புர்கா மேற்குக் கரை ஜெர்மன்காரி. யாக்னா கிழக்குக் கரை போலந்துக்காரி. ஒருத்தி பேச்சு மற்றவளுக்குத் தெரியாது. அவர்களுடைய குதிரைகள் ஒரே வாரில் பிணைந்தபடி தண்ணீரில் செத்துக் கிடந்தன. தோலாவது மிஞ்சட்டும் என்று வந்திருந்தார்கள். ஒன்றை விட்டு ஒன்றை இழுக்க முடியவில்லை.

"சாமி, வேடிக்கை பார்க்கிறீர்களே! பிடியுங்கள்!" என்று கத்தினாள் வால்புர்கா.

மன்னன் பிடித்தான். அவன் மூச்சடக்கி இழுக்க இழுக்க, குதிரைகள் கரையேறின.

"நல்ல கை உங்களுக்கு. அந்த ராஜாவின் கழுத்து என்றைக்காவது கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்" என்றாள் வால்புர்கா.

யாக்னா தன் குதிரையின் கண்ணில் உறைந்திருந்த பனியைத் துடைத்தாள். பிறகு அரண்மனைப் பக்கம் திரும்பி ஏதோ சொல்லித் துப்பினாள்.

வால்புர்காவும் துப்பினாள். "இவள் சொல்வது ஒரு எழுத்தும் புரியவில்லை. ஆனால் சரியாகத்தான் சொல்கிறாள்."

யாக்னாவின் உள்ளங்கை கயிறு அறுத்து ரத்தமாக இருந்தது. வால்புர்கா தன் தலைத்துணியைக் கிழித்து அதில் கட்டினாள்.

"என்ன சொன்னாள்?" மன்னன் துறவியின் காதில் கேட்டான்.

"உங்களையும் இந்தக் கயிற்றில் கட்டி இழுக்க வேண்டுமாம். இத்தனை வருடம் இவர்களை ஆள்கிறீர்கள். இதைக்கூட நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது."

திரும்பும் வழியில் மன்னன் முக்காட்டைப் பின்னே தள்ளினான். முகம் கொதித்தது.

"காலங்காலமாக இந்த ஆற்றுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று வெட்டிக்கொண்டவர்கள்! இவர்களை ஒன்றுசேர்த்தவன் எவன்? சொல்லுங்கள், இன்றைக்கே தூக்கில் போடுகிறேன்!"

துறவி நின்றார். அவருக்கும் கோபம் வந்துவிட்டது.

"அவன் என் அங்கியைப் போட்டுக்கொண்டிருக்கிறான். முதலில் அதைக் கழற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள்."