நிறுத்தச் சொன்ன காற்று

மின்சுமைக் கட்டுப்பாட்டு அறைக்குப் பொறுப்பாளர் மங்கையர்க்கரசி. அவரிடம் வேலை கற்க வந்தவர் ஞானதுரை. அனல்மின் நிலையத்திலேயே தலை நரைத்தவர். மங்கையர்க்கரசியைவிட வயதில் மூத்தவர்.

சுவரில் பெரிதாக ஓர் எண் எரிந்தது, மின்சாரத்தின் அதிர்வெண். ஐம்பது. ஊர்கள் இழுக்கிற மின்சாரமும் மின் நிலையங்கள் தருகிற மின்சாரமும் நொடிக்கு நொடி சமமாக இருந்தால் அது அசையாது. ரொம்ப இறங்கினால் ஊர்கள் இருண்டுபோகும்.

ஆடி மாதம். தெற்கே காற்றாலைகள் வெறிபிடித்துச் சுழன்றன.

தலைமை அலுவலகத்திலிருந்து மேலதிகாரி போனில் வந்தார்.

“காற்றாலைல பாதியை நிறுத்துங்க. எப்ப விழும்னு தெரியாத காத்தை நம்பி உட்கார முடியாது.”

“நிறுத்த மாட்டேன் சார்.”

“இது உத்தரவு.”

“அப்ப இந்த நாற்காலில வேற ஆளைப் போடுங்க. அவர் நிறுத்தட்டும். நான் இருக்கிறவரை ஓடும்.”

“ஏதாவது ஆச்சுன்னா உங்க தலைதான் உருளும்.”

“தெரியும் சார்.”

எந்த மேலதிகாரியிடமும் ஞானதுரை அப்படிப் பேசியதில்லை.

மங்கையர்க்கரசி மலைமேல் இருந்த நீர்மின் நிலையத்தை அழைத்தார். “மெஷினைத் தயாரா வைங்க. சொன்ன உடனே தண்ணி திறக்கணும்.”

மதியம் காற்று விழுந்தது. ஒரேயடியாக விழுந்தது. எண் இறங்கத் தொடங்கியது. நாற்பத்தொன்பது புள்ளி ஒன்பது. எட்டு. ஏழு.

“மேடம், அவர் சொன்னதே நடந்துடுச்சு!”

“திறங்க,” என்றார் மங்கையர்க்கரசி, நீர்மின் நிலையத்துக்குப் போனில். அடுத்த போனில், முன்பே பேசி வைத்திருந்த உருக்காலைகளிடம் உலைகளைக் கொஞ்ச நேரம் அணைக்கச் சொன்னார். குரல் நடுங்கவில்லை.

எண் இன்னும் கொஞ்சம் இறங்கியது. நின்றது. பிறகு மெல்ல ஏறி ஐம்பதைத் தொட்டது. எந்த ஊரும் இருளவில்லை.

மேலதிகாரி மறுபடி அழைத்தார்.

“இப்பவாவது நிறுத்துறீங்களா?”

“காத்து திரும்பிடுச்சு சார். காற்றாலையை மறுபடி ஏத்திக்கிட்டிருக்கேன்.”

“உங்களை மாத்தத்தான் போறேன்.”

“மாத்துங்க சார். அதுவரை ஓடும்.”

ஞானதுரையால் பொறுக்க முடியவில்லை.

“ஏன் மேடம் இந்த வம்பு? அனல்மின் நிலையம்னா நாம சொன்னபடி ஓடும். சொன்ன பேச்சு கேக்காத காத்தை எதுக்குக் கட்டிக்கிட்டு அழணும்?”

மங்கையர்க்கரசி அவர் பக்கம் திரும்பினார்.

“உங்க சர்வீஸ் பூரா, எந்த வீட்லயாவது உங்களைக் கேட்டுட்டு ஸ்விட்ச் போட்டாங்களா சார்?”

“இல்ல.”

“எப்ப போடுவாங்கன்னு தெரியாத ஜனம்னு அவங்க கரண்டை நிறுத்தினீங்களா, அவங்களுக்குத் தக்கபடி மெஷினை ஓட்டினீங்களா?”