ராஜாவின் கைப்பிடி

கொண்டல் பூபதி என்றொரு ராஜா. மரக்காலால் அளப்பது தன் பெருமைக்கு இழுக்கு என்று நினைத்தார். "இனி உப்பை என் கைப்பிடியால்தான் அளக்க வேண்டும். மரக்காலை எடுத்தவன் தலை போகும்" என்று தண்டோரா போடச் சொன்னார்.

மறுநாள் உப்பளத்துக்கே வந்துவிட்டார். மலைபோல் கிடந்த குவியலைக் காட்டி, "எத்தனை கைப்பிடி? பொழுது சாய்வதற்குள் அளந்து சொல்" என்றார்.

உப்பு வாரும் வீராயி கும்பிட்டாள். "அளந்துரலாம் மகாராசா. ஆனா என் கையால அள்ளுனா அது கள்ள அளவாயிரும். உங்க கைதானே அளவு? நீங்கதான் இறங்கணும்."

ஊரே வேடிக்கை பார்த்தது. ராஜா வேறு வழியில்லாமல் இறங்கி அள்ளினார். உச்சிவெயிலில் உள்ளங்கை உரிந்து, உப்பு ஏறிக் காந்தியது. குவியலோ அப்படியே இருந்தது.

"மரக்காலைக் கொண்டா!" என்று அலறினார்.

வீராயி பதறினாள். "மெதுவாப் பேசுங்க மகாராசா. ராசா காதுல விழுந்தா நம்ம ரெண்டு பேர் தலையும் போயிரும்."